ஹட்டன்ல பார்த்த நத்தார் நாடகம், சிரிச்சாலும் தொண்டைய அடைச்சிருச்சு

நேத்து ராத்திரி இலங்கை மலையகத்து ஹட்டன்ல நம்ம தோட்டத்துப் புள்ளைங்க போட்ட நத்தார் (கிறிஸ்மஸ்) பாட்டு நாடகம் பார்த்தேன், டிக்கட் 300 ரூவா, ஸ்வெட்டர் போட்டும் ஹோலுக்குள்ள நடுக்கம், ஆனா காசுக்கு நட்டம் இல்ல. நத்தார் தாத்தா தோட்டத்து மேனேஜர் தொரை மாதிரி தொப்பி போட்டுக்கிட்டு புள்ளைங்க எழுதுன ஆசைக் கடுதாசிய தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசுல நிறுக்கிறாரு, ஈரமா இருக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சிட்டாரு பாருங்க! எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குப் பக்கத்துல இருந்த கொழுந்தெடுக்கிற அக்கா மட்டும் சிரிக்கல. ஒரு வாண்டு ஒழுகாத கூரைத் தகரம் கேட்டு பாடுறான், பின்னாடி ரத்தம் குடிக்கிற அட்டை வேசம் போட்ட நாலு பேரு கோரஸ். 10க்கு 12 அடி லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டு அறையில, படுக்க எடம் பிரிக்கிற பாட்டு வேற. நம்ம ஆளுங்கள தோட்ட வேலைக்குக் கூட்டியாந்த 1823லருந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்னு ஒரு பாட்டி சொல்ற எடம், ஐயோ. மைக்தான் கழுத்தறுத்துச்சு, பாதிப் பாட்டு வெளங்கல. சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டுப் போகாதீங்க, கடைசில தாத்தாவுக்கு நடக்கிறதப் பார்த்தா ராத்திரி தூங்காதுங்க.