முதல் கேம்: கடதாசியா, ஸ்க்ரட்ச்சா, எஞ்சினா?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள். எல்லாருக்கும் சொந்தமாக ஒரு கேம் செய்ய ஆசை. முதல் நாள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த சொப்ட்வெயார் டவுன்லோட் பண்ணோணும்?"

இதற்கு நான்கு பதில்கள் சொல்லலாம். தெரிந்த விளையாட்டு ஒன்றின் விதியை மாற்றிப் பார்ப்பது ஒன்று. கடதாசியில் புதிதாகச் செய்வது இன்னொன்று. அடுத்தது ஸ்க்ரட்ச், பிள்ளைகள் கேம் செய்து பழகும் மென்பொருள். கடைசி, யூனிட்டி, கோடோ போன்ற எஞ்சின்கள், அதாவது கணினி கேம்களை உருவாக்கும் பெரிய மென்பொருட்கள். நான்கையும் பிள்ளைகளோடு இருந்து செய்து பார்த்திருக்கிறேன். என் தெரிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் இரண்டையும் செய்து பார்க்காமல் எஞ்சின் பக்கம் போகக் கூடாது.

எது விளையாட்டு என்பது பிடிபட்டால்தான் இந்த ஒப்பீட்டுக்கே பொருள் உண்டு. கரம்போட்டை எடுங்கள். 9 வெள்ளை, 9 கறுப்பு, 1 சிவப்பு. காய்கள் குழிக்குள் விழுவது மட்டுந்தான் நோக்கம் என்றால் கையால் அள்ளிப் போட்டுவிடலாம். அரை நிமிட வேலை. நாம் அப்படிச் செய்வதில்லை. கோட்டில் ஸ்ட்ரைக்கரை வைத்து விரலால் சுண்டுகிறோம். சிவப்பைப் போட்டால் இன்னொரு காயையும் போட்டு அதைக் கவர் பண்ண வேண்டும் என்று வழியை நாமே கடினமாக்கிக்கொள்கிறோம். தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்று மெய்யியலாளர் பேர்னார்ட் சூட்ஸ் 1978 இல் விளக்கியது இதைத்தான். கணினி விளையாட்டு வடிவமைப்பாளர் சிட் மையர் வேறு பக்கத்தால் வந்தார்: சுவையான தீர்மானங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் அது நல்ல விளையாட்டு.

பாம்பும் ஏணியும் இந்த இரண்டாவது அளவுகோலில் தேறாது. எங்கே போவது என்பதை டைஸ்தான் முடிவெடுக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுத்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாகச் செய்ய வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் வரைவதும் டைஸும் கட்டங்களும்தான் என்பதால், அவர்கள் கையில் கொடுக்க வேண்டியது சிட் மையரின் அளவுகோலை.

முதல் வழிக்கு முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டத்தை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. 32 சீட்டு. புள்ளிகள்: ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. கூட்டினால் ஒரு சாதிக்கு 76. நான்கு சாதிக்கும் 304. பெயரே கணக்கிலிருந்து வந்தது. முதல் நான்கு சீட்டைப் பார்த்து எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்டு, துரும்பை மூடி வைத்து, பிறகுதான் மிச்ச நான்கும் கைக்கு வரும். நான் பிள்ளைகளிடம் சொல்வது: ஒரு கை வழமைபோல விளையாடுங்கள், அடுத்த கையில் துரும்பைத் திறந்து வையுங்கள். இரண்டாவது கையில் சத்தமே இருக்காது. 'அவர் ஏன் அதை இறக்கினார், துரும்பு ஸ்பேடா?' என்று மற்றவர் முகத்தைப் பார்க்கும் அந்தக் கணம் போய்விடுகிறது. வெறும் கூட்டல் கணக்குத்தான் மிஞ்சும். மறைந்திருக்கும் தகவல் ஒரு விளையாட்டில் என்ன வேலை செய்கிறது என்பதை நான் பலகையில் எழுதி விளக்கியபோது யாருக்கும் விளங்கவில்லை. இப்படி விளையாடியபோது இருபது நிமிடத்தில் விளங்கியது. இந்த வழியின் குறையும் தெளிவானது: எதுவும் தம்முடையது என்ற உணர்வு பிள்ளைகளுக்கு வராது.

அந்த உணர்வு கடதாசியில் வரும். கொழும்பின் காலி வீதியில் ஓடும் 101 பஸ்ஸை வைத்து இரண்டு தங்கச்சிமார் ஒரு விளையாட்டுச் செய்தார்கள். மொறட்டுவையிலிருந்து புறக்கோட்டை வரை நிறுத்தங்களை அட்டையில் வரைந்து, சட்டைப் பொத்தான்களைப் பஸ்களாக வைத்தார்கள். டைஸை உருட்டு, நகர்த்து, நிறுத்தத்தில் ஆளை ஏற்று, காசை எண்ணு. பத்து நிமிடம் விளையாடிய பையன் ஒருவன் சொன்னான்: "அக்கா, இதில நாங்க ஒண்டும் செய்யேல்லையே, டைஸ்தானே விளையாடுது."

அவர்கள் கோபப்படவில்லை. டைஸை எடுத்து ஒதுக்கினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பயணி அட்டை எடுக்கலாம், வேண்டுமென்றால் இன்னொன்றும் எடுக்கலாம். ஆனால் எடுக்கும் ஒவ்வொரு அட்டைக்கும் பின்னால் வரும் பஸ் ஒரு நிறுத்தம் நெருங்கும், அது முந்திவிட்டால் அடுத்த நிறுத்தத்து ஆட்கள் எல்லாம் அதற்கே. ஆள் சேரும்வரை நிற்பதா, கிளம்புவதா? கொழும்பில் பஸ் ஏறிய எவருக்கும் தெரிந்த இந்தத் தவிப்பு, பென்சிலால் ஒரு வரியை வெட்டி இன்னொரு வரி எழுதியதில் வந்துவிட்டது. நாலு நிமிடமும் ஆகவில்லை. அந்தப் பையன் தெஹிவளையில் மூன்றாவது அட்டைக்குக் கையை நீட்டுவதும் இழுப்பதுமாக இருந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கைதான் எனக்கு அத்தாட்சி.

கடதாசிக்குச் செலவும் இல்லை, மின்சாரமும் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது மெழுகுதிரி வெளிச்சத்தில் நாங்கள் நிறுத்தாமல் நடத்தியது கடதாசி விளையாட்டுகளை மட்டுமே.

ஸ்க்ரட்ச் 2007 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இலவசம். கட்டளைகளைத் துண்டுகளாகக் கோர்த்தால் போதும். மற்றவர் பகிர்ந்த எந்தப் படைப்பையும் உள்ளே திறந்து பார்த்து மாற்றலாம் என்பது அதன் மிகப் பெரிய கொடை. நான் சொன்ன முதல் வழியையே கணினியில் செய்வதுதான் அது. ஆனால் படம் வரையும் வசதி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒரு தம்பி மூன்று கிழமையாக ஓட்டோவுக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தான். ஓட்டோ அழகாக ஓடியது, விளையாடுகிறவர் தீர்மானிக்க ஒன்றும் இருக்கவில்லை. கடதாசியில் ஒருமுறை விளையாடிப் பார்த்ததை ஸ்க்ரட்ச்சுக்குக் கொண்டுவரும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை.

எஞ்சின்களில் போட்டி யூனிட்டிக்கும் கோடோவுக்கும் இடையில்தான். யூனிட்டிக்குப் பாடக் காணொளிகள் கூட, பெரிய நிறுவனங்களில் வேலைக்கும் அது உதவும். ஆனால் நிறுவ வேண்டியது பல ஜிபி. டேட்டா காட் போட்டுப் படிக்கும் வீட்டுக்கு அது சுமை. 2023 செப்டெம்பரில், யூனிட்டியில் செய்த கேம் ஓர் அளவைத் தாண்டி ஓடினால் அதை விளையாடுகிறவர் நிறுவும் ஒவ்வொரு தடவைக்கும் கேம் செய்தவர் கட்டணம் கட்ட வேண்டும் என்று அறிவித்து, 2024 செப்டெம்பரில் அதைக் கைவிட்டார்கள். கோடோ திறந்த மூலம், அதன் நிரலை யாரும் பார்த்து மாற்றலாம், எந்தக் கட்டணமும் இல்லை, தரவிறக்கமும் யூனிட்டியோடு பார்க்கும்போது மிகச் சிறியது.

எனக்கு முக்கியமான வேறுபாடு தமிழில் இருக்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோட்டில் 'வெ' என்பது முதலில் வகரம், பிறகு கொம்பு. திரையில் அதை இடம் மாற்றிக் காட்டும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். 2023 இல் வந்த கோடோ 4 அதைச் செய்கிறது. யூனிட்டியில் எழுத்தைத் திரையில் காட்ட வழக்கமாகப் பாவிக்கப்படும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அதைத் தானாகச் செய்வதில்லை. 'வெள்ளவத்தை' என்று எழுதினால் கொம்பு வகரத்தைத் தாண்டிப் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். சுற்றுவழிகள் இருக்கின்றன. முதல் கேம் செய்கிற பிள்ளை அதில் நேரத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. தமிழில் எழுதப் போகிறவர்களுக்கு என் தெரிவு கோடோ.

நான் தொடங்கியது நேரே ஒரு எஞ்சினில். எட்டு மாதத்தில் ஒரு மெனு, நடக்கும் ஒரு மனிதன், அசையும் மரங்கள். ஒருவரையும் கூப்பிட்டு விளையாட வைக்கவில்லை, ஏனென்றால் விளையாட அங்கே எதுவும் இருக்கவில்லை. அந்த எட்டு மாதம் இந்தப் பிள்ளைகளுக்குப் போகக் கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கடதாசியால் முடியாததும் உண்டு. கரம்போட்டில் ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் போகும் வேகம், திரையில் ஒரு பாய்ச்சல் எவ்வளவு நேரம் காற்றில் நிற்க வேண்டும் என்பது, இவற்றை அட்டையில் சோதிக்க வழியில்லை. கைவேகத்தில் தங்கியிருக்கும் கேம் என்றால் ஸ்க்ரட்ச்சில் ஒரு பெட்டியைத் துள்ள வைத்து அங்கிருந்து தொடங்குவதே சரி. படம் எல்லாம் பிறகு.

101 பஸ் இப்போது கோடோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நிறுத்தப் பெயர்கள் தமிழிலும் சிங்களத்திலும் வருகின்றன. பின்னால் வரும் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் நெருங்க நெருங்கக் கூட வேண்டும் என்று இருவரும் பிடிவாதமாக இருக்கிறார்கள். அது கடதாசியில் கிடைக்காத ஒன்று. போன சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று யாரோ கேட்க, மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு மறுபடி அட்டையை வெட்டத் தொடங்கினார்கள்.