கிக்ஸ்டார்ட்டரில் பணம் போடலாமா? என் மதிப்பெண் 5க்கு 3

புதிதாக எதையாவது உருவாக்க நினைப்பவர்கள் இணையத்தில் பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் தளம்தான் கிக்ஸ்டார்ட்டர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம், காமிக்ஸ், போர்டு கேம் மாதிரி விஷயங்களுக்கு கிக்ஸ்டார்ட்டரில் தைரியமாகப் பணம் போடலாம். எலக்ட்ரானிக்ஸ் பொருள் என்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்க முடிகிற தொகையை மட்டும் போடுங்கள். மூன்று மதிப்பெண்ணும் அந்தத் தளம் வேலை செய்யும் விதத்துக்கு. குறைத்த இரண்டும், தகராறு என்று வந்தால் அது விலகி நிற்கும் விதத்துக்கு.

2009 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கிய சேவை இது. கேட்ட தொகை கெடுவுக்குள் சேராவிட்டால் யார் கார்டிலும் ஒரு காசு பிடிக்க மாட்டார்கள். சேர்ந்துவிட்டால் 5% கமிஷன் கிக்ஸ்டார்ட்டருக்கு, அதோடு பணம் செலுத்தும் கட்டணம் சுமார் 3%. இந்த "முழுசாக அல்லது ஒன்றுமே இல்லை" என்கிற ஏற்பாடு உண்மையிலேயே நல்ல ஏற்பாடு, பாதிப் பணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் அரைகுறையாக எதையோ செய்து தலையில் கட்டுவதை அது ஓரளவு தடுக்கிறது.

இந்தச் சேவையையே ஒரு பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்குச் சட்டம் தரும் தனியுரிமை) முடக்கிவிட்டிருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆர்ட்டிஸ்ட்ஷேர் என்ற நிறுவனம் கிக்ஸ்டார்ட்டருக்குப் பல வருடம் முன்பே ரசிகர்களிடம் பணம் திரட்டி இசை ஆல்பங்கள் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அப்படி வந்த ஜாஸ் இசையமைப்பாளர் மரியா ஷ்னைடரின் ஆல்பம் 2005இல் கிராமி விருதே வாங்கியது. அந்தப் பெருமை அவர்களுக்கு முழுக்க உரியது. ஆனால் ரசிகர்கள் காசு கொடுப்பார்கள், பதிலுக்கு ஏதாவது சலுகை கிடைக்கும், எல்லாம் இணையம் வழியாக நடக்கும் என்பதற்கு 2011இல் ஒரு அமெரிக்க பேட்டன்ட் கிடைத்ததே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்கு 1885இல் ஒரு பத்திரிகை மூலம் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காசு போட்டார்கள், கொடுத்தவர்கள் பெயரைப் பத்திரிகை அச்சிட்டது. நம் ஊரில் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததே புத்தகம் வாங்கிக்கொள்வதாக முன்கூட்டிக் கையொப்பம் வாங்கித்தான். இன்றும் பதிப்பகங்கள் முன்வெளியீட்டுத் திட்டம் போடுகின்றன. இவ்வளவு பழைய வழக்கத்தோடு ஒரு சர்வரைச் சேர்த்துவிட்டால் அது கண்டுபிடிப்பாகிவிடுமா?

கிக்ஸ்டார்ட்டர் 2011இலேயே ஆர்ட்டிஸ்ட்ஷேரின் பேட்டன்டை எதிர்த்து நீதிமன்றம் போனது. பேட்டன்ட் செல்லாது என்று தீர்ப்பு வர 2015 ஜூன் ஆகிவிட்டது. நடுவில் 2014இல், பொதுவான ஒரு கருத்தைக் கம்ப்யூட்டரில் செய்வதாலேயே பேட்டன்ட் கிடைக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆலிஸ் வழக்கில் சொன்னதுதான் பெரிய பலமாக இருந்தது. ஏறக்குறைய நான்கு வருடம் வக்கீல்களுக்குச் செலவழித்துத் தாக்குப்பிடிக்க கிக்ஸ்டார்ட்டரால் முடிந்தது. மூன்று பேர் வைத்து நடத்தும் கம்பெனியால் முடியுமா? மென்பொருள் பேட்டன்ட் என்றாலே புரோகிராமர்களுக்குக் கோபம் வருவது இதனால்தான். வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பதைவிட, அதுவரை யார் கையில் காசு இருக்கும் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

பணம் போட்டவர்களையும் இது நேராகத் தொடும். 2012இல் ஃபார்ம்லேப்ஸ் என்ற புதிய கம்பெனி ஃபார்ம் 1 என்ற 3டி பிரின்டருக்கு 29 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. அடுத்த மாதமே 3டி சிஸ்டம்ஸ் என்ற பெரிய நிறுவனம் பேட்டன்ட் வழக்குப் போட்டது, அதுவும் கமிஷன் வாங்கிய கிக்ஸ்டார்ட்டரையும் சேர்த்து. 2014 இறுதியில் சமரசம், விற்பனையில் 8% ராயல்டி என்று முடிந்தது. ஃபார்ம்லேப்ஸ் பிழைத்தது, பிரின்டர்களையும் அனுப்பியது. எல்லாரும் இப்படிப் பிழைப்பதில்லை. பேட்டன்ட், பதிப்புரிமை எல்லாம் திட்டம் போடுபவரின் பொறுப்பு என்றுதான் கிக்ஸ்டார்ட்டரின் விதி சொல்கிறது. 'ஆபத்துகளும் சவால்களும்' என்று ஒரு பகுதி ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு, ஆனால் நான் படித்தவற்றில் உற்பத்தி தாமதமாகலாம் என்று எழுதுகிற அளவுக்கு யாரும் பேட்டன்ட் பற்றி எழுதுவதில்லை.

அப்புறம் பொருளே வராத கதைகள். கூலஸ்ட் கூலர் நினைவிருக்கிறதா? பிளெண்டர், புளூடூத் ஸ்பீக்கர், சார்ஜர் எல்லாம் வைத்த ஐஸ்பெட்டி. 2014இல் 62,642 பேர், 1.3 கோடி டாலருக்கு மேல். அடுத்த வருடம், பணம் கட்டியவர்கள் காத்துக்கொண்டிருக்கும்போதே அமேசானில் விற்றார்கள். அதற்கடுத்து, சீக்கிரம் வேண்டுமானால் இன்னும் 97 டாலர் கட்டுங்கள் என்று அவர்களிடமே கேட்டார்கள். 2019 டிசம்பரில் கடையை மூடியபோது சுமார் 20,000 பேருக்குப் பெட்டி போய்ச் சேரவில்லை. வேல்ஸில் ஸானோ என்ற குட்டி டிரோன் கதை இன்னும் வேகமாக முடிந்தது: 12,000 பேர், 23 லட்சம் பவுண்டு, 2015இலேயே திவால். கிக்ஸ்டார்ட்டர் ஒரு பத்திரிகையாளரை அமர்த்தி என்ன நடந்தது என்று விசாரித்து எழுதவைத்தது. அதைப் பாராட்டுகிறேன், ஆனால் பணம் போட்டவருக்கு வேண்டியது அறிக்கை அல்ல.

"கிக்ஸ்டார்ட்டர் கடை அல்ல" என்று 2012இலேயே அறிவித்துவிட்டார்கள். நிஜப் பொருள் மாதிரி தெரியும் கம்ப்யூட்டர் படங்களுக்கு அப்போது தடை போட்டார்கள், அது நல்ல விதி. ஆனால் ரீஃபண்ட் அவர்கள் கொடுப்பதில்லை, திட்டக்காரரிடம் கேளுங்கள் என்கிறார்கள். அவர் கைவிரித்தால்? 2015இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் தன் முதல் கிரவுட்ஃபண்டிங் (இப்படிப் பலரிடம் பணம் திரட்டுவது) வழக்கில், போர்டு கேமுக்குத் திரட்டிய பணத்தை வீட்டு வாடகைக்குச் செலவழித்தவர்மீது 1,11,793 டாலர் தீர்ப்பு வாங்கியது. அவரிடம் பணம் இல்லை என்று வசூலை நிறுத்தி வைத்தார்கள்.

5% எடுத்துக்கொள்பவர்கள் அதில் பாதியையாவது பொருள் போய்ச்சேரும் வரை நிறுத்தி வைக்கலாம். பெரிய தொகை என்றால் திட்டக்காரருக்குத் தவணையாகக் கொடுக்கலாம். இரண்டும் செய்ய முடியாத காரியம் இல்லை.

சரி, நீங்கள் போடுவதாக இருந்தால்: ஓடுகிற மாதிரிப் பொருளின் வெட்டாத வீடியோ இருக்கிறதா, அவர் முன்பு முடித்த திட்டங்களுக்குப் பணம் போட்டவர்கள் கருத்துப் பகுதியில் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். இந்தியாவுக்கு வந்தால் கஸ்டம்ஸ் வரியைப் பெரும்பாலும் நாம்தான் கட்ட வேண்டியிருக்கும், அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பேட்டன்ட் பற்றித் திட்டக்காரரிடம் நேராகவே கேள்வி அனுப்புங்கள். மழுப்பினால், கடைசி நாள் வரை காத்திருக்காமல் உங்கள் தொகையை ரத்து செய்துவிடுங்கள், கெடு முடியும்வரை கார்டில் பணம் பிடிப்பதில்லை.