ஈரம் காயாத கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள்

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் பேங்க் வேலை, பட்டா வேலை எல்லாம் தடங்கல் இல்லாமல் முடிந்தது. அதை விடுங்கள். வீட்டுக்குள் பெயின்ட் அடிக்க ஆள் வைத்தோமே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். திரும்பி வந்த பிறகும் மனசு ஆறவில்லை.

முன்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த பெயின்டர் வருவார், சுவரை விரலால் தட்டிப் பார்ப்பார், நாம் கட்டிலையும் பீரோவையும் நடுவில் இழுத்துப் போட்டுப் பழைய வேட்டியால் மூடுவோம். இப்போது போனிலேயே பதிவு செய்தால் சீருடை போட்ட ஆட்கள் வருகிறார்கள், லேசர் வைத்து அளக்கிறார்கள், அன்றைக்கே கணக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு பெயின்டர் வந்து எட்டிப் பார்ப்பதற்கே வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவனுக்கு இது பெரிய விஷயம். நன்றாக முன்னேறிவிட்டார்கள் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

முதலில் வந்தவர்கள் கதவு வேலைக்காரர்கள். அம்மா அறைக் கதவுக்கு எனாமல் அடித்தார்கள். மெல்லிசாக இரண்டு கோட்டு அடிக்க வேண்டியதைக் கெட்டியாக ஒரே கோட்டாக அடித்து, கீல், தாழ்ப்பாள், ஸ்க்ரூ தலை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பூசி, வேலை முடிந்ததாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, போகும்போது கதவை நன்றாக அழுத்திச் சாத்திவிட்டுப் போனார்கள். அம்மாவின் மாத்திரைப் பெட்டியும் கண்ணாடியும் உள்ளே.

ராத்திரி கதவு திறக்கவில்லை. கைப்பிடி திரும்புகிறது, கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியதில் பர்ரென்று ஒரு சத்தம். கதவு நிலையில் போய் உட்காரும் ஓரம் முழுக்க, மேலிருந்து கீழ் வரை, பெயின்ட் பட்டையாகக் கிழிந்து நிலையோடு தொங்கியது. கிழிந்த இடத்தில் இப்போதைய பழுப்புக்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் நான் பள்ளிக்கூடம் போன காலத்து நீலம். அந்த நீலத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கோபம்கூட மறந்துபோனது.

போன் செய்தால் மேற்பார்வையாளர் சொன்ன பதில்: “சார், எனாமல் நாலு மணி நேரத்துல காஞ்சிடும் சார், டப்பாலயே போட்டிருக்கும்.” டப்பாவில் போட்டிருப்பது தொட்டால் ஒட்டாத அளவு காய்வதைப் பற்றி. எனாமல் காற்றுப் பட்டுப் பட்டுத்தான் இறுகும். கெட்டியாக அடித்தால் மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே பிசுபிசுப்பு நாள்கணக்கில் இருக்கும். அந்த நிலைமையில் இரண்டு பெயின்ட் முகங்களை அழுத்தி வைத்தால் ஒட்டாமல் என்ன செய்யும்? அமெரிக்காவில் கூலி அதிகம் என்பதால் கதவு வேலையை நானே செய்பவன். கதவைக் கழற்றிப் படுக்க வைப்போம், கீலைத் தனியே எடுத்துவிடுவோம், முதலில் பலகைப் பள்ளங்கள், பிறகு குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுக்குச் சட்டம் என்று அடிப்போம், மாட்டிய பிறகும் சில நாள் ஒருக்களித்தே வைத்திருப்போம். பொருள் ஒன்றுதான், ஊரில் யாரும் அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

மறுநாள் சரிசெய்ய ஒரு சின்னப் பையனை அனுப்பினார்கள். அவன் வீட்டுக்குள்ளேயே, முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல், அந்தப் பழைய அடுக்குகளை உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்புத் தேய்க்க ஆரம்பித்தான். தூசி ஹால் வரை பறந்தது. அக்கா பேத்தி அந்தத் தரையில்தான் தவழ்கிறாள். பழைய எனாமலில் விஷமான ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் 1978-லேயே வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடுத்துவிட்டார்கள். இந்தியாவில் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். என் பள்ளிக்கூடக் காலத்து நீலத்தில் என்ன இருந்ததோ யார் கண்டது! நிறுத்தச் சொல்லி, வாட்டர் பேப்பர் வாங்கி வரச் செய்து, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வைத்தேன். பாவம், அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் நுரையீரலுக்கும்தான் அந்தத் தூசி போகிறது.

சீலிங்குக்கு வேறு ஆட்கள். கதவு முடிந்த பிறகு சீலிங்! ரோலரிலிருந்து தெறித்த வெள்ளைப் புள்ளிகள் புதுப் பழுப்பு முழுக்க. மேலிருந்து கீழே வர வேண்டிய வேலை: சீலிங், சுவர், அப்புறம் நிலையும் கதவும். இது நமக்கெல்லாம் தெரிந்த வரிசைதானே?

ஆனால் அந்த ஆட்களில் வயதான ஒருவர் இருந்தார். நான் முகம் சுளித்து நின்றதைப் பார்த்துவிட்டு, “வரிசை தப்பு தம்பி, எனக்கும் தெரியும், என்னைய யாரு கேட்டா” என்றார். ஏணியில் ஏறி, பிரஷ்ஷை டப்பா விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வழித்துக்கொண்டு, சீலிங்கும் சுவரும் சேரும் மூலையில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். டேப் ஒட்டவில்லை, அட்டை பிடிக்கவில்லை. நூல் பிடித்ததுபோல் கோடு. நான் அமெரிக்காவில் டேப் ஒட்டுவதற்கே அரை நாள் செலவழித்து, அதை உரிக்கும்போது ஓரம் பிசிறிப் போவதைப் பார்ப்பவன். இப்படி ஒரு கையை அங்கே நான் கண்டதில்லை.

சமையலறை சீலிங்கில் மழைநீர் ஒழுகிய பழுப்பு வளையம் ஒன்று உண்டு. வெள்ளை எமல்ஷன் இரண்டு கோட்டு விட்டும், காய்ந்ததும் அது மறுபடி ஏறி வந்தது. “எமல்ஷன்ல தண்ணி இருக்குல்ல அண்ணே, அதுதான் கறையக் கரைச்சு மேல இழுக்குதா?” என்று கேட்டேன். “அதேதான். மொதல்ல மாடில ஒழுகறத நிறுத்தணும், நல்லாக் காயணும், அப்புறம் ஆயில் பிரைமர் ஒரு கோட்டு. இதெல்லாம் சொன்னா ஒரு நாள் கூடும்பாங்க.” சொன்னவர், சாப்பாட்டு நேரத்தில் தானாகவே வளையத்தைச் சுரண்டிவிட்டு பிரைமர் விட்டுக் கொடுத்தார். நான் கிளம்பும் வரை கறை திரும்பவில்லை.

கிழிந்த கதவு ஓரத்துக்குக் கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அந்தப் பெரியவர் நம்பரை அம்மாவிடம் எழுதி வைத்திருக்கிறேன். மழை முடிந்ததும் அவரே வந்து கதவைக் கழற்றி முழுதாகச் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன்.