இருட்டறையா, குகையா, மௌன முகாமா?

வெளிச்சம் துளியும் புகாத அறையில் மூன்று நாளோ ஒரு வாரமோ தங்கியிருப்பதைத் தியானமாகவும் உடல்நலச் சிகிச்சையாகவும் வழங்கும் மையங்கள் பல நாடுகளில் பெருகியிருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆரன் ராட்ஜர்ஸ் 2023 பிப்ரவரியில் ஓரிகான் மாநிலத்தில் அத்தகைய அறை ஒன்றில் சில நாட்கள் தங்கியதை உலகப் பத்திரிகைகள் எழுதிய பிறகு, இந்தப் பேச்சு வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து யோகா வகுப்புகள் வரை வந்துவிட்டது. மருத்துவமனையிலும் தோல் தொழிற்சாலையிலும் இரவு ஷிப்ட் பார்த்துத் தூக்கம் கெட்டவர்களுக்கு இது கவர்ச்சியாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இந்த ஊரிலிருந்து கிளம்புகிற ஒருவர் முன்னால் இருப்பது இந்த ஒரு வழி மட்டும் அன்று. திருவண்ணாமலைக் குகைகள் இருக்கின்றன, பத்து நாள் விபாசனா மௌனத் தியான முகாம் இருக்கிறது, உப்பு நீரில் இருட்டில் மிதக்கும் மிதவைத் தொட்டி இருக்கிறது, சொந்த வீட்டு அறையும் இருக்கிறது. இவற்றை எடைபோடும்போது எந்த இடத்தில் இருட்டு அதிகம் என்று பார்ப்பதில் பெரிய பயனில்லை என்பது என் எண்ணம். அந்த இடம் நம்மிடமிருந்து எதை எடுத்துவிடுகிறது, நாம் உள்ளே இருக்கும்போது கதவுக்கு வெளியே யார் இருக்கிறார் என்ற இரண்டையும்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இருட்டறை வாசத்துக்கு மூலமாகச் சொல்லப்படுவது திபெத்திய மரபு. அங்கே பொன் (Bon) என்னும் பழைய திபெத்திய நெறியிலும் நியிங்மா பௌத்தப் பிரிவிலும் 49 நாட்கள் வரை முழு இருட்டில் இருக்கும் ஆன்மிகப் பயிற்சி உண்டு. இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்டதாக அவர்கள் கருதும் 49 நாட்களோடு அது தொடர்புடையது. ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே, ஆசிரியரின் நேரடிக் கண்காணிப்பில் அது வழங்கப்பட்டு வந்தது. இன்றைய மையங்கள் அதிலிருந்து நாட்களின் எண்ணிக்கையையும் மதத்தையும் குறைத்துக்கொண்டு அறையை மட்டும் எடுத்துக்கொண்டன. தாய்லாந்தின் சியாங் மாய் அருகே மாண்டக் சியா நடத்தும் தாவோ மையம் போன்ற இடங்களில் குழுவாக இருட்டில் அமரும் முறையும் உண்டு. ஒரு நாளுக்கு ஒரு முறையோ இரு முறையோ இரட்டைக் கதவு வைத்த சிறு பெட்டி வழியாக உணவு வருவது பெரும்பாலான மையங்களின் ஏற்பாடு. வேண்டுமானால் கதவைத் திறந்து வெளியேறலாம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். விமானச் செலவையும் விசாவையும் கூட்டிப் பார்த்தால், நம் ஊர்க்காரருக்கு இது எல்லாவற்றிலும் விலை உயர்ந்த வழி.

இந்த அறைகளைப் பற்றிய விளம்பரங்களில் இரண்டு கூற்றுகள் திரும்பத் திரும்ப வரும். இருட்டில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் இடைவிடாமல் சுரந்து உடலைப் புதுப்பிக்கும் என்பது ஒன்று. உண்மையில் மூளைக்குள் இருக்கும் உயிர்க்கடிகாரம் வெளிச்சம் இல்லாமலும் ஓடும். அதன் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். ஆகவே இருட்டறையிலும் மெலடோனின் இரவுக்கணக்கில் கூடிப் பகற்கணக்கில் குறையவே செய்கிறது, தூங்கும் நேரம்தான் நாளுக்கு நாள் கொஞ்சம் பின்னே தள்ளிப்போகிறது. மற்றொன்று, மூளையில் உள்ள பீனியல் சுரப்பி இருட்டில் டிஎம்டி என்ற மயக்கப் பொருளைச் சுரந்து காட்சிகளை உண்டாக்கும் என்பது. மனிதரிடத்தில் இருட்டு அப்படிச் செய்வதாக எந்த ஆய்வும் நிறுவியதில்லை. காட்சிகள் வருவது மட்டும் உண்மை. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வைக் குறை இல்லாத 13 பேரின் கண்களை ஐந்து நாட்கள் கட்டி வைத்தார்கள், அவர்களில் 10 பேர் இல்லாத உருவங்களைக் கண்டார்கள். உள்ளே வரும் செய்தி நின்றுபோனதும் மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் வரையத் தொடங்குகிறது. அதைத் தெய்வ தரிசனம் என்று கொண்டாடவும் வேண்டாம், பைத்தியம் பிடித்துவிட்டது என்று அஞ்சவும் வேண்டாம். ஆனால் முன்பே மனநோய்க்கு ஆட்பட்டவர்களுக்கும், குடும்பத்தில் அந்த வரலாறு உள்ளவர்களுக்கும் மூளை வரையும் படத்துக்கும் நோய்க்கும் இடையிலான எல்லை அவ்வளவு தெளிவாக இருக்காது. அவர்கள் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையம் போன்ற ஓர் இடத்தில் ஆலோசனை பெறாமல் இதைத் தொடவே கூடாது.

இங்கே நம் ஊர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய கண் விஷயம் ஒன்று உண்டு. எந்த வெளிநாட்டு மையத்தின் விண்ணப்பத்தைவிடவும் இது நமக்கு நெருக்கமானது. விழித்திருக்கும்போது இருட்டில் கண்மணி விரியும். கண்ணின் முன்பகுதிக் கோணம் இயல்பாகவே குறுகியிருப்பவர்களுக்கு அப்போது திரவம் வடியும் வழி அடைபட்டு, கண்ணழுத்தம் திடீரென ஏறக்கூடும். ஒரு காலத்தில் கண் மருத்துவர்கள் நோயாளியை இருட்டறையில் உட்கார வைத்து அழுத்தம் ஏறுகிறதா என்று பார்த்ததே இதைக் கண்டுபிடிக்கத்தான். 1998-இல் வெளியான வேலூர் கண் ஆய்வில், இந்நகரத்தில் 30 முதல் 60 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 4.3 பேருக்கு இந்தக் கோணம் மூடிய வகைக் கிளாக்கோமா என்ற கண்ணழுத்த நோய் இருந்தது. திறந்த கோண வகை இதில் பத்தில் ஒரு பங்குதான். நாற்பது வயதைக் கடந்தவர் எந்த இருட்டறைக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், ஷெல் கண் மருத்துவமனையிலோ தமக்குத் தெரிந்த கண் மருத்துவரிடமோ, கோணத்தைப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. உள்ளே போன பிறகு கண்வலி, தலைவலி, குமட்டல் சேர்ந்து வந்தால் அதை மனத்தின் அழுக்கு வெளியேறுகிறது என்று பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அடுத்தது குகை. 1989-இல் பிரியும் வரை திருவண்ணாமலையும் வட ஆற்காடு மாவட்டம்தான். அதனால் இருட்டுத் தியானம் என்றதும் நம் பக்கத்து மனிதருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாதாள லிங்கமும் விருபாட்ச குகையும். 1896 செப்டம்பரில் பதினாறு வயதில் திருவண்ணாமலை வந்து சேர்ந்த ரமணர், அருணாசலேஸ்வரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே உள்ள அந்தப் பாதாள அறைக்குள் போய் அமர்ந்தார். பூச்சிகள் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கியது கூட அவருக்குத் தெரியவில்லை. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதன் மறுபாதியைப் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். வெளியே கல்லெறிந்த சிறுவர்களைச் சேஷாத்ரி சுவாமிகள் விரட்டினார், பிறகு அன்பர்கள் சிலர் உள்ளே இறங்கி, தன்னுணர்வற்றிருந்த அந்த இளைஞரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அந்த அறை பின்னாளில் செப்பனிடப்பட்டு, 1949-இல் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜியால் திறந்துவைக்கப்பட்டது. இன்று அது வழிபாட்டு இடம், தங்கும் இடம் அன்று.

விருபாட்ச குகையில் ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்தார். வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகப் பேருந்தில் போய் மலையேறி அதற்குள் அமர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே முழு இருட்டு கிடையாது. விருபாட்ச தேவரின் சமாதி மேட்டின் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், வாசல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சமும் வரும். உட்கார்ந்த சில நிமிடங்களில் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கோடையில் ரமணரே அருகிலிருந்த மாமரத்துக் குகைக்கு மாறிவிடுவார் என்பதை எண்ணினால், அந்தப் புழுக்கத்தை நாமும் தவமாக்கிக்கொள்ளத் தேவையில்லை. மாலையில் குகையை மூடிவிடுவார்கள். சில மணி நேர அமைதியும், பக்தியுள்ளவருக்கு இடத்தின் மகிமையும் கிடைக்கும், செலவு பேருந்துக் கட்டணம்தான். நாட்கணக்கான இருட்டை நாடுபவருக்கு இது மாற்றாகாது. வள்ளிமலை, விளாப்பாக்கம் பஞ்சபாண்டவர் மலை ஆகிய இடங்களின் சமணக் குகைகளில் போய் இரவு தங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, அங்கே வௌவாலும் பாம்பும் வேறு. வேண்டாம்.

பத்து நாள் விபாசனா முகாமில் இருட்டு ஒரு பொருட்டே இல்லை. எஸ். என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் நடக்கும் இந்த முகாமுக்கு நமக்கு அருகில் உள்ள பெரிய மையம் சென்னைப் புறநகரில் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், இரவு ஒன்பதரை மணியளவில் விளக்கணைக்க வேண்டும், இடையில் ஏறக்குறைய பத்து மணி நேரம் அமர வேண்டும். பேச்சு, கைபேசி, புத்தகம், பேனா எதுவும் கிடையாது. கட்டணமும் கிடையாது, முகாமை முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம். இருட்டறை வெளிச்சத்தையும் கடிகாரத்தையும் பறிக்கிறது, விபாசனா பேச்சைப் பறித்துக் கடிகாரத்தை இறுக்கிக் கட்டுகிறது. இந்த வேறுபாடு சிறியதன்று. பிரெஞ்சு நிலவியலாளர் மிஷேல் சிஃப்ரே 1962-இல் கடிகாரம் இல்லாமல் ஒரு நிலத்தடிக் குகையில் இரண்டு மாதம் இருந்துவிட்டு செப்டம்பர் 14 அன்று வெளியே வந்தபோது, அன்றைய தேதி ஆகஸ்ட் 20 என்றே நம்பிக்கொண்டிருந்தார். அவரிடம் விளக்கு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். இருட்டறையிலிருந்து வருபவர்கள் வியந்து பேசும் காலம் மறந்த நிலையில் பெரும்பகுதி, கடிகாரம் இல்லாததால் வருவது. அதற்காக மட்டும் ஒருவர் ஆசைப்பட்டால் விபாசனா அவருக்கு ஏமாற்றம் தரும். ஆனால் மனத்தைக் கவனிக்கும் முறையைக் கற்றுக்கொள்ள விரும்பினால் வெறும் இருட்டறை அவருக்கு ஒன்றும் கற்றுத்தராது. விபாசனாவில் உதவி ஆசிரியர் இருக்கிறார், நாள்தோறும் ஐயம் கேட்கலாம், விண்ணப்பத்திலேயே மனநோய் வரலாற்றை விசாரிக்கிறார்கள். கதவுக்கு வெளியே யார் என்ற கேள்விக்கு இங்கே தெளிவான பதில் கிடைக்கிறது.

மிதவைத் தொட்டியை விரைவாகவே சொல்லிவிடலாம். எப்சம் உப்பை ஏராளமாகக் கரைத்து, உடல் தோலின் சூட்டுக்கு இணையாக வைத்த ஆழமற்ற நீரில், இருட்டில் ஒரு மணி நேரம் மிதப்பது இது. நரம்பியல் ஆய்வாளர் ஜான் லில்லி 1954-இல் அமெரிக்காவில் தொடங்கிய சோதனைகளிலிருந்து வளர்ந்த முறை. இந்த அலசலில் உள்ளவற்றில் நேரடி ஆய்வு ஓரளவு நடந்திருப்பதும் இதற்குத்தான். 2018-இல் அமெரிக்காவின் டல்சா நகரில் பதற்ற நோயுள்ள 50 பேரிடம் செய்த ஆய்வில், ஒரே ஒரு முறை மிதந்த பிறகு பதற்றம் தெளிவாகக் குறைந்தது. ஆனால் அது உடனடி விளைவை அளந்த ஆய்வு. நமக்கோ இதற்காகப் பெருநகரத்துக்குப் போய்வரும் அலைச்சல் அந்த ஒரு மணி நேர அமைதியைத் தின்றுவிடும்.

இனி வீட்டு அறை. இதைப் பலரும் இளப்பமாகப் பார்க்கிறார்கள், நான் முதலிடம் தருவது இதற்குத்தான். ஒரு மாலை தொடங்கி மறுநாள் காலை வரை, அல்லது சனி மாலை முதல் திங்கள் அதிகாலை வரை, தூக்கத்தையும் மனத்தையும் முழு இருட்டு என்ன செய்கிறது என்று அறிய இது போதும். அறையை இருட்டாக்குவதுதான் எதிர்பாராத அளவு வேலை வாங்கும். சன்னலுக்குக் கறுப்புச் சார்ட் அட்டையும் பிரவுன் டேப்பும் போதுமானவை, கதவின் அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைத்தால் அடைபட்டுவிடும். விளக்கை அணைத்து அரைமணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் மிச்சமிருக்கும் திருடர்கள் தெரிவார்கள்: ஏசியின் பச்சைப் புள்ளி, கொசு மருந்து மெஷினின் சிவப்பு, சுவிட்ச் போர்டின் இண்டிகேட்டர், குளியலறை கீசரின் மஞ்சள் விளக்கு, கூடத்திலிருந்து கதவிடுக்கில் எட்டிப்பார்க்கும் இன்வெர்ட்டர். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அந்த அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகும் என்பதால், முதல் ஐந்து நிமிடத்தில் இருட்டாக இருக்கிறது என்று திருப்தியடைந்துவிடக் கூடாது. சித்திரையிலும் வைகாசியிலும் வேலூரில் அடைத்த அறைக்குள் இதைச் செய்வது தண்டனை. கரண்ட் போனால் மின்விசிறியும் நின்றுவிடும். மார்கழி, தை மாதங்களே இதற்கு ஏற்றவை. காற்றுக்காக, இருட்டாக்கிய பக்கத்து அறையின் வழியாக ஒரு கதவைத் திறந்தே வைக்கலாம்.

உணவைப் பெரிதாகத் திட்டமிட வேண்டியதில்லை. எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி இருட்டில் கைக்கு அடங்கும், முள்ளும் எலும்பும் உள்ள குழம்பு அடங்காது. தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டிலின் ஏதாவது ஒரு காலைத் தேர்ந்து, எப்போதும் அதற்கருகிலேயே வைத்துப் பழக வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள், இரவில் எழுந்தால் தடுமாறும் முதியவர்கள், வலிப்பு உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பதே சரி. மற்றவர்களும் தனியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு செய்யக்கூடாது. மனைவியோ கணவரோ அக்காவோ, யாராவது ஒருவர் வீட்டில் விழித்திருந்து, சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது ஒரு வார்த்தை பேசி, குரல் சரியாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வெளிநாட்டு மையம் வாங்கும் பணத்தில் பெரும்பகுதி உண்மையில் இந்த வேலைக்குத்தான். வீட்டில் அது இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதைச் செய்பவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது முன்கூட்டியே புரிந்திருக்க வேண்டும்.

வரிசைப்படுத்தச் சொன்னால், தூக்கம் கெட்டு அலுத்துப்போனவருக்கு வீட்டு இருட்டறையே போதும். தியானம் கற்க விரும்புபவர் திருமுடிவாக்கம் போகட்டும். ஊர் மண்ணோடும் மரபோடும் சேர்ந்து அமர விரும்புபவருக்கு விருபாட்ச குகை. நாட்கணக்கான முழு இருட்டு, ஏற்கெனவே நீண்ட மௌன முகாம்களை முடித்து, கண்ணையும் மனத்தையும் மருத்துவரிடம் காட்டி, மையத்தில் பொறுப்பாளர் இரவில் எங்கே படுக்கிறார் என்பது வரை விசாரித்தறிந்த சிலருக்கு மட்டுமே. எந்த வழியைத் தேர்ந்தாலும் வெளியே வருவதை உச்சி வெயிலில் வைத்துக்கொள்ளாமல், விடியலுக்குச் சற்று முன்பாகக் கதவைத் திறந்து, வெளிச்சம் தானாக ஏறும்போது கண் பழகும்படி செய்ய வேண்டும். ஒரு நாளுக்கு மேல் இருட்டில் இருந்தவர் அன்று காட்பாடிச் சாலை நெரிசலில் வண்டி ஓட்ட வேண்டாம், அலுவலகத்துக்கும் விடுப்புச் சொல்லிவிடுவது நல்லது.