அப்பாவின் இமை ஆபரேஷன்: ஒரு கிளினிக், ஒரு ஆஸ்பத்திரி

அப்பா பேப்பர் படிக்கும்போது இடது கையில் பேப்பர் இருக்கும், வலது கை விரல் புருவத்தை மேலே தூக்கிப் பிடித்திருக்கும். இரண்டு வருடம் இதைக் கேலி செய்துகொண்டிருந்தோம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியை இரண்டு தடவை மாற்றியாயிற்று. கண்புரையா என்று பார்த்தோம், அதுவும் ஆரம்ப நிலைதான். கோளாறு கண்ணுக்குள் இல்லை, கண்ணுக்கு மேலே. மேல் இமைத் தோல் தளர்ந்து இமை மயிர் மேலேயே மடிந்து கிடந்தது. வண்டி ஓட்டும்போது சிக்னலைப் பார்க்கத் தாடையைத் தூக்க வேண்டியிருக்கிறது என்று அவரே ஒருநாள் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

முதலில் போனது ஒரு அழகு சிகிச்சை கிளினிக். பெயர் வேண்டாம். ஏசி, நல்ல காபி, காத்திருக்கவே வேண்டாம். டாக்டருக்கு முன்னால் ஒரு பெண் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்து 'முன்', 'பின்' படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டி, "அங்கிள், பத்து வயசு குறைஞ்சிடும்" என்றது. "வயசு இருக்கட்டும்மா, எனக்கு சிக்னல் தெரிஞ்சா போதும்" என்றார் அப்பா. மேல் இமை, கீழ் இமை இரண்டும் சேர்த்து ஒரு பேக்கேஜ், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. டாக்டர் வந்து ஐந்து நிமிடம் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், அவ்வளவுதான். ஸ்டென்ட் வைத்த 66 வயது ஆளிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுகூட யாரும் கேட்கவில்லை. இதயத்தில் வைத்த ஸ்டென்ட் அடைக்காமல் இருக்கத் தினமும் ஆஸ்பிரின் போடுகிறார் என்று நானாகச் சொன்னபோது, "அதை நிறுத்திக்கலாம்" என்று பதில் வந்தது. அங்கேயே எழுந்து வந்துவிட்டோம். காபிக்காக ஒரு ஸ்டார்.

அடுத்து ஒரு கண் ஆஸ்பத்திரியின் ஓகுலோபிளாஸ்டி பிரிவு. இமை, கண்ணீர்ப் பாதை, கண்குழி இதையெல்லாம் மட்டுமே பார்க்கிற கண் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம், ஆனால் உள்ளே போனதும் டாக்டர் கேட்ட கேள்விகளே வேறு. எப்போதிலிருந்து? சாயந்திரம் ஆக ஆக அதிகமாகிறதா? இரண்டிரண்டாகத் தெரிகிறதா, விழுங்கச் சிரமமா? (அப்படி இருந்தால் அது மயஸ்தீனியா என்கிற தசைநோயாக இருக்கலாமாம், அதற்கு முதல் மருந்து கத்தி இல்லை. அதேபோல் இமை திடீரென ஒரே நாளில் விழுந்து, தலைவலியும் இரட்டைப் பார்வையும் சேர்ந்தால் உடனே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும் என்றார்.) பழைய போட்டோ கேட்டார், என் கல்யாண ஆல்பம் போனில் இருந்தது, காட்டினேன்.

அப்புறம் டார்ச் அடித்து, கருவிழி நடுவில் தெரிகிற வெளிச்சப் புள்ளியிலிருந்து இமை விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளந்தார். சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டுமாம். அப்பாவுக்கு வலது பக்கம் 3, இடது பக்கம் 1. அப்பா ஒன்றும் புரியாமல் பார்த்ததும், "கடை ஷட்டர் மேல படுதா தொங்குதுன்னு வச்சுக்கங்க. படுதாவை வெட்டிடலாம். ஆனா இடது பக்கம் ஷட்டரைத் தூக்குற ஸ்பிரிங்கே தளர்ந்திருக்கு" என்றார். தோலை எடுப்பது பிளெஃபரோபிளாஸ்டி, தூக்குகிற தசையின் நாரைத் திரும்ப இறுக்கிக் கட்டுவது டோசிஸ் ஆபரேஷன். அப்பாவுக்கு இடது பக்கம் இரண்டும் தேவை. கிளினிக்கில் பணம் கட்டித் தோலை மட்டும் வெட்டியிருந்தால் இடது இமை அப்படியே தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

கண் வறட்சி பார்க்கக் கீழ் இமையில் காகிதத் துண்டை ஐந்து நிமிடம் செருகி வைத்தார்கள். பார்வைப் பரப்பு பரிசோதனை (மெஷினுக்குள் பார்த்து, சுற்றிலும் வருகிற வெளிச்சப் புள்ளிகள் தெரிகிறதா என்று சொல்ல வேண்டும்) இரண்டு தடவை, ஒன்று அப்படியே, இன்னொன்று இமையைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டிவிட்டு. ஒட்டிய பிறகு, "மேலே இத்தனை புள்ளியா வருது?" என்று அப்பா மெஷினுக்குள்ளிருந்தே கேட்டார். கீழ் இமைப் பையைப் பற்றி நானே கேட்டேன். அது பார்வையை மறைக்காது, அழகுக்காக மட்டும்தான், வேண்டுமானால் தனியாக வாருங்கள் என்றார் டாக்டர். "பை அங்கேயே இருக்கட்டும்" என்றார் அப்பா.

ஆஸ்பிரின் விஷயத்தை இதய டாக்டருக்கு எழுதிக் கேட்டு, அவர் சொன்னபடிதான் செய்தார்கள். இமை மரத்துப்போக மட்டும் ஊசி, அப்பா முழித்துக்கொண்டேதான் இருந்தார், நடுவில் உட்காரவைத்துக் கண்ணைத் திறக்கச் சொல்லி இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்தார்களாம். இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். கண்ணைச் சுற்றி இரண்டு வாரம் ஊதா நிறம், டீக்கடையில் யாரிடம் அடி வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார்: கடும் வலியோ, கண் பிதுங்குவதோ, பார்வை மங்குவதோ இருந்தால் நடுராத்திரி என்றாலும் வந்துவிடுங்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்தால் பார்வையே போகலாம், அபூர்வம்தான் என்றாலும். முதல் சில வாரம் தூங்கும்போது இடது இமை முழுதாக மூடவில்லை, ராத்திரி ஜெல் போட்டோம்.

குறைகளும் உண்டு. டிஸ்சார்ஜ் பில்லுக்கு நான்கு மணி நேரம், பார்க்கிங் கொடுமை. இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் 'அழகு சிகிச்சை' என்று தள்ளிவிட்டார்கள். பாலிசியில், எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்கிற பட்டியலில், அழகு சிகிச்சை பற்றி எக்ஸ்க்ளூஷன் 08 என்று இருக்கும், படித்துப் பாருங்கள், மருத்துவ அவசியம் என்று சிகிச்சை தந்த டாக்டர் சான்று தர வேண்டும் என்கிறது அது. சான்று, அளவுக் குறிப்பு, போட்டோ, இரண்டு பரிசோதனை ரிப்போர்ட்டும் சேர்த்துத் திரும்ப அனுப்பிய பிறகு ஒரு பகுதி வந்தது. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே இதையெல்லாம் கேட்டு வாங்கிவிடுங்கள், வெட்டிய பிறகு பழைய இமையைப் போட்டோ எடுக்க முடியாது.

மூன்று மாதம் ஆகிறது. இடது இமை வலதைவிடத் துளி இறக்கம்தான், அப்பாவுக்குக் கவலையில்லை. சாயந்திரம் வருகிற நெற்றி வலி போய்விட்டது, அது நெற்றித் தசை நாள் முழுக்க இமையை இழுத்துக்கொண்டிருந்த வலியாம். ஆஸ்பத்திரிக்கு நான்கு ஸ்டார், பில் கவுன்டருக்காக ஒன்று குறைத்தேன்.

கிளினிக்கிலிருந்து போன வாரம் வாட்ஸ்அப் வந்தது. ஆடித் தள்ளுபடி, இரண்டு இமை எடுத்தால் விலை குறைவாம்.