மாற்றுத்திறனாளி உதவித்தொகை: "கட்டாயம் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் ஜாக்கிரதை

முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போன என் அக்காவுக்கு உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு ஏஜென்ட் எங்களை ஏமாற்றிவிட்டார். "நூறு சதவீதம் கிடைச்சிடும், கவலைப்படாதீங்க" என்று சொல்லி முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். போன பணத்தைவிட அவர் எழுதிய விண்ணப்பம் செய்த கெடுதல்தான் பெரிது.

அக்கா மெதுவாக நடப்பாள். கைதான் பிரச்சினை. குழாயைத் திருக முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது, நாலு வரி எழுதினால் பேனா நழுவிவிடும். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் கட்டைபோல் விறைத்திருக்கும். இதில் எதையுமே அவர் கேட்கவில்லை. "நடக்க இயலாது, பிறர் உதவியின்றி எழ இயலாது" என்று தன் வழக்கமான வரிகளை எழுதிக் கொடுத்துவிட்டார். பரிசோதனை அறைக்குள் அக்கா தானாக நடந்து போனாள். மருத்துவர் விண்ணப்பத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கையைப் பற்றி அவள் சொன்ன உண்மையும் எடுபடவில்லை.

நிராகரிப்புக் கடிதம் ஏஜென்டின் முகவரிக்குப் போயிருக்கிறது. அவர் மூச்சுவிடவில்லை. மேல்முறையீட்டுக் கெடு முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

பொதுவாக நோயின் பெயரை மட்டும் வைத்து உதவித்தொகை கொடுப்பதில்லை. அந்த நோயால் என்ன செய்ய முடியவில்லை, எவ்வளவு காலமாக, சிகிச்சைக்குப் பிறகும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார்கள். ஏஜென்ட் இணைத்ததோ வெறும் எக்ஸ்ரே. முடக்குவாதத்தின் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். மூட்டுத் தேய்மானத்திலும் படத்தில் தெரியும் தேய்வும் ஆள் படும் வலியும் பல நேரம் ஒத்துப்போகாது. அதனால் வாதநோய் நிபுணரிடம் அளந்து எழுதி வாங்குங்கள்: மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடியில் எவ்வளவு வலு இருக்கிறது, எவ்வளவு நேரம் நிற்க, உட்கார முடிகிறது. உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்து கொடுத்துப் பலன் இருந்ததா என்ற குறிப்பையும் சேர்த்து வையுங்கள். "மூட்டு வலி" என்று மட்டும் எழுதிய சீட்டு பெரிதாக உதவாது. வீக்கம் ஏறி இறங்கும் நோய் இது. மோசமான நாள் எப்படி, மாதத்தில் எத்தனை நாள் அப்படி என்பதும் விண்ணப்பத்தில் இருக்கட்டும்.

யாரை உதவிக்கு வைத்தாலும் கடிதம் வரும் முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல்களை மட்டும் கொடுங்கள். அக்காவின் பழைய எக்ஸ்ரேக்கள் இன்னும் அந்த ஆளிடம்தான் இருக்கின்றன. போன் செய்தால் எடுப்பதில்லை.