ஊசி போடும்போது குழந்தையின் வலியை அளக்க: ஃப்ளாக்கா, முகப்படமா?

வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போடும்போது குழந்தையின் வலியை ஃப்ளாக் (FLACC) என்ற மதிப்பெண் அட்டவணையை வைத்து அளப்பதா, முகங்கள் வரைந்த படத்தை வைத்து அளப்பதா என்று செவிலியர்கள் தடுமாறுவதுண்டு. இரண்டும் 0 முதல் 10 வரை மதிப்பெண் தருவதால், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். அப்படியல்ல.

யார் சொல்வது?
ஃப்ளாக்: நாம் பார்த்துப் போடுவது. முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என ஐந்துக்கும் 0, 1 அல்லது 2.
முகப்படம், 2001இல் வந்த திருத்திய வடிவம்: ஆறு முகங்களில் ஒன்றைக் குழந்தையே தொட்டுக் காட்டும்.

வயது?
ஃப்ளாக்: 2 மாதம் முதல் 7 வயது வரை.
முகப்படம்: 4 வயதிலிருந்து.

எங்கே தவறும்?
ஃப்ளாக்: காலை அமுக்கிப் பிடித்தால் குழந்தை உதைக்க வழியில்லை, மதிப்பெண் பொய்யாகக் குறையும். ஊசியைப் பார்த்ததுமே அலறும் பிள்ளைக்கோ குத்தும் முன்பே 7, 8 வந்துவிடும். அது பயமா வலியா என்று இந்த அட்டவணை பிரிக்காது. அதனால் கையில் பட்டை கட்டும் முன், குத்தும்போது, பிளாஸ்திரி ஒட்டிய பின் என மூன்று முறை குறியுங்கள். ஒற்றை எண் எதையும் சொல்லாது.
முகப்படம்: "எந்த முகம் உன்னை மாதிரி இருக்கு?" என்று கேட்டால் பிள்ளை மனநிலையைக் காட்டும். "குத்தும்போது எவ்வளவு வலிச்சுது?" என்றே, முடிந்த கையோடு கேளுங்கள். கண்ணீர் வடியும் முகம் உள்ள படம் வேண்டாம். வலித்தும் அழாத பிள்ளை அதைத் தொடத் தயங்கும்.

கைக்குழந்தைக்கும் பேச்சு வராத சிறுபிள்ளைக்கும் ஃப்ளாக். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, பெற்றோர் சொல்லும் தனி அடையாளங்களைச் சேர்த்த திருத்திய ஃப்ளாக். 5 வயதுக்கு மேல் முகப்படம். இடைப்பட்ட 4–5 வயதில் இரண்டையும் எடுக்கலாம். எண்கள் முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள், பிள்ளை சொன்னதை அடித்துவிடாதீர்கள்.